டிசம்பரில் பிறந்த பிள்ளை

கனடாவில் லெத்பிரிட்ஜ் என்ற ஊரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று. 1980களின் முற்பகுதி. பார்வையாளர் வரிசையில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியரும் அவர் மனைவி பாலாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாலாவின் கண் ஆட்டத்தைவிடக் கையிலிருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தில்தான் ஓடியது. அதில் வீரர்களின் பிறந்த தேதி அச்சாகியிருந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று இந்த மூன்று மாதங்களே திரும்பத் திரும்ப வந்தன. பார்ன்ஸ்லி பிறகு மற்ற அணிகளின் பட்டியல்களையும் எடுத்துவைத்து எண்ணினார். எங்கும் அதே கதை. உயர்மட்ட அணிகளில் ஏறத்தாழ பத்துக்கு நாலு பேர் வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான். 1985இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. அங்கே சிறுவர் அணிகளுக்கு வயது கணக்கிடும் நாள் ஜனவரி 1. ஜனவரி 2ஆம் தேதி பிறந்தவனும் அதே வருடம் டிசம்பர் 30ஆம் தேதி பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். எட்டு, ஒன்பது வயதில் ஒரு வருட வித்தியாசம் என்றால் மூன்று விரற்கடை உயரம், இரண்டு மூன்று கிலோ எடை, கொஞ்சம் கூடுதல் நிதானம். தேர்வு செய்கிறவர் அதைத் திறமை என்று நம்பி எடுக்கிறார். எடுக்கப்பட்ட பையனுக்கு நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டம், கூட ஆடுவதற்கு வலுவான பிள்ளைகள். ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்தால் முதலில் இல்லாத வித்தியாசம் நிஜமாகவே உண்டாகியிருக்கிறது. ஆரம்பத்திலேயே நான் சரியாகத்தான் பார்த்தேன் என்று தேர்வாளர் திருப்தியோடு சொல்லிக்கொள்கிறார். டிசம்பர்ப் பையன் அதற்குள் ஆட்டத்தை விட்டே போயிருப்பான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. தனக்கு வராது என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான்.

தண்ணீர் உறைவதை ஐஸ் கம்பெனியிலும் வீட்டு ஃபிரிட்ஜிலும் மட்டுமே பார்க்கும் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐஸ் ஹாக்கி நம் நாட்டில் லடாக்கின் ஆட்டம். உறைந்த குளங்களில் கற்றுக்கொண்ட பெண்களைக் கொண்ட இந்திய அணி 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. நமக்கு அந்த ஆட்டம் வேண்டாம். ஆனால் நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிக்கு வரும் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. இன்ன வருடம் ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போதும். சங்ககிரியிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் லெத்பிரிட்ஜில் நடந்ததுதான் நடக்கும். அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இருந்தது. இங்கே எண்ணுவதில்லை.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. போன தலைமுறையில் நிறையப் பேருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த நாள் மே, ஜூனில்தான் வரும். தலைமையாசிரியர் பையனின் கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஒரு தேதியைப் போட்டு உள்ளே அனுப்பினார். அது வெள்ளந்தியான பொய். ஒருவருக்கும் கெடுதல் இல்லை. இப்போது நடப்பது வேறு. பிள்ளை தேர்வாக வேண்டும் என்பதற்காக ஒரு வருடம், இரண்டு வருடம் குறைத்துச் சான்றிதழ் வாங்குகிற பெற்றோர் நாடு முழுக்க இருக்கிறார்கள். இருப்பதால்தான் கிரிக்கெட் வாரியம் 2012 முதல் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. அந்த அப்பாவைக் கேட்டால் ஊரே இதைத்தானே செய்கிறது என்பார். மகன் மட்டை பிடிக்கக் கற்பதற்கு முன்னால் பொய் சொல்லக் கற்றுவிட்டான், அதையும் அப்பாவிடமே கற்றான் என்பது அவர் கணக்கில் வருவதில்லை. அவன் எடுத்துக்கொண்ட இடம் இன்னொரு பிள்ளையின் இடம் என்பதும் வருவதில்லை.

சின்னப்பம்பட்டிக்கு வருவோம். தாரமங்கலம் பக்கம் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். இந்திய அணிக்குப் பந்து வீசிய கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர். அவர் அப்பா தறிக் கூலி. அம்மா ரோட்டோரம் கடை போட்டவர். இருபது வயது வரை அந்தப் பையன் போட்டது டென்னிஸ் பந்துதான். தோல் பந்தைத் தொட்டதில்லை. பதினான்கு வயதில் ஒரு தேர்வுக்குப் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஷூ இல்லை, தோல் பந்துப் பழக்கம் இல்லை, ஆங்கிலம் இல்லை. நாலு பந்து போடச் சொல்லி, அடுத்தவனைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவருக்கு வாய்த்தது அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பையனின் கையைக் கவனித்து, சென்னைக்குப் போகச் சொல்லி, வழியும் காட்டினார். சென்னை லீக்கில் நாலாம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறி 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே பந்து வீசும் கை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள். இருபத்து மூன்று வயதில் இப்படி ஒரு முத்திரை விழுந்தால் பலர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் அவரைக் கைவிடவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை போட்டுப் போட்டுப் பழகிய ஒரு கையசைவைப் பிரித்து, புதிதாகக் கோர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் போனது. 2016இல் டி.என்.பி.எல். ஆட்டம். 2017இல் ஐ.பி.எல்.லில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகித் திரும்பினார். சட்டையில் 'ஜேபி நட்டு' என்று வழிகாட்டியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர் அவர். ஊரிலேயே மைதானமும் கட்டினார்; 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அதே ஊர்ப் பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதி ஆட்டத்தில் 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்திருந்தார்.

இந்தக் கதையை நம் ஆட்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். காத்திருந்தவனின் கதையைக் காட்டிக் காத்திருக்க மறுக்கிறோம். "நடராஜன் மாதிரி வரணும்" என்று ஏழு வயதுப் பிள்ளையைக் காலை ஐந்தரைக்கு எழுப்பி அகாடமிக்கு அனுப்புகிறோம். நடராஜன் ஏழு வயதில் எந்த அகாடமிக்கும் போகவில்லை. தெருவில் ஆடினார், சாயங்காலம் ஆடினார், இருட்டினால் வீட்டுக்குப் போனார். அந்தச் சாயங்காலங்களில் யாரும் திருத்தாமல், யாரும் எண்ணாமல் ஊறிய கைதான் பிற்பாடு யார்க்கர் போட்டது என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

சேலத்தில் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். கயிற்றுக்கு வெளியே ஒரு அப்பா, கையில் செல்போன், ஒவ்வொரு பந்தையும் படம் எடுத்துக்கொண்டே மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "தள்ளிப் போடு சாமி, தள்ளிப் போடு... அட, கேக்குதா இல்லியா?" பையன் பந்து வீச ஓடிவரும்போது கண் ஸ்டம்பைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தது. பந்து அகலமாகப் போனது. அடுத்ததும் போனது. பயிற்சியாளர் மெதுவாக நடந்துவந்து, "அண்ணா, ஒரு டீ சாப்புட்டு வாங்களேன், நான் பாத்துக்கறேன்" என்றார். "இல்லீங்க தம்பி, நான் இருந்தாத்தான் அவன் ஒழுங்காப் போடுவான்" என்றார் அப்பா. பயிற்சியாளர் சிரித்துவிட்டுப் போனார். அந்த ஓவரில் பையன் எத்தனை வைடு போட்டான் என்று ஸ்கோர் எழுதுகிறவர் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

கெட்ட அப்பா இல்லை அவர். பெட்ரோல், ஃபீஸ், மட்டை, பேடு என்று மாதாமாதம் போட்ட பணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. திரும்பி வருமா என்ற பயம் குரலில் ஏறிவிடுகிறது. ஆனால் பிள்ளை மேல் போட்ட காசைப் பிள்ளையிடமே வசூலிக்கத் தொடங்கிய நாளில் அவன் மகன் என்ற நிலையிலிருந்து கடன்காரன் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறான்.

இதை எங்கே கற்றுக்கொண்டோம் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து ஒரு காலத்தில் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகள் பல. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்திரிகைகள் பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தன. (நாமக்கல்லின் பெருமை முட்டைக் கோழி; கறிக்கோழிக்குப் பல்லடம் என்பார்கள். பெயர் என்னவோ ஒட்டிக்கொண்டது.) 2017இல் அரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பழக்கம் சாகவில்லை. வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு இடம் மாறியிருக்கிறது. சம்மர் கேம்ப் முடிகிற அன்றைக்கே எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு. மற்றவர்களுக்குக் கைதட்ட வேலை.

வேடிக்கை என்னவென்றால், அவசரம் கூடாது என்பது இந்த ஊர்க் கோழிப்பண்ணைக்காரருக்கு நன்றாகத் தெரியும். குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வரும் பருவத்தில் கொட்டகையில் விளக்கு நேரத்தைக் கூட்டினால் கோழி முட்டையிடத் தொடங்கும். ஆனால் உடம்பு எடை வருவதற்கு முன்னால் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் முட்டை சிறுத்துப்போகும். சில கோழி பின்புறம் பிதுங்கிச் செத்தும் போகும். அதனால் வாராவாரம் நாலு கோழியைப் பிடித்துத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார்.

ஐஸ் ஹாக்கிக்காரர்கள் தங்கள் அவசரத்தைத் தாங்களே திருத்திக்கொள்ளப் பார்த்தார்கள் என்பதால் அவர்களைச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தின் பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஆறு வயதுப் பிள்ளையை அதில் இறக்கிவிட்டால் பெரும்பாலான நேரம் எங்கோ இருக்கும் 'பக்' என்ற ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டே ஓடும். மட்டையில் படுவது அபூர்வம். கொஞ்சம் பெரிய பையன் ஒருவன் மட்டும் தனியாகக் கொண்டுபோய்க் கோல் போடுவான். அமெரிக்க ஐஸ் ஹாக்கிச் சங்கம் 2009இல் கொண்டுவந்த திட்டத்தில் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தளத்தைக் குறுக்கே மூன்றாக வெட்டிக் கொடுத்தது. சின்ன இடம், அதிகப் பிள்ளைகள், நொடிக்கு நொடி மட்டையில் பக். 2011இல் பன்னிரண்டு வயது வரை உடம்பால் மோதித் தடுப்பதையும் விலக்கியது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிள்ளைகளைப் பூப்போல வளர்க்கப் பார்க்கிறீர்கள் என்றார்கள். மோத அனுமதித்தால் யார் பெரியவனோ அவன்தான் ஜெயிப்பான். சின்னவனுக்குப் பயம்தான் பழகும், சறுக்குவதும் பக்கைக் கையாள்வதும் பழகாது என்பது சங்கத்தின் பதில்.

நார்வே இன்னும் ஒரு படி போனது. 1987லேயே சிறுவர் விளையாட்டுக்கு விதிகள் எழுதி, 2007இல் அவற்றைப் பிள்ளைகளின் உரிமைகள் என்றே திருத்தி வைத்தது. பதினோரு வயதுக்கு முன் தரவரிசை வெளியிடக் கூடாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கூடாது. இப்படி மெத்தனமாக இருந்தால் பதக்கம் எப்படி வரும்? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கிப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது அந்த நாடு. பதக்கம் வந்ததால் விதி சரி என்று வாதாட நான் விரும்பவில்லை. பதக்கம் வராவிட்டாலும் அந்த விதி சரிதான்.

நம் அரசுப் பள்ளி மைதானத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து. பி.டி. வாத்தியார் ஊதல் அடித்து, "கிரவுண்டை ரெண்டு ரவுண்டு" என்று ஓடவிட்டு, தேறின பன்னிரண்டு பேரைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மற்றவர்களை வேப்பமரத்தடிக்கு அனுப்புகிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே ஆள், ஒரே பந்து, நாற்பது நிமிடம். ஆனாலும் பெரியவர்கள் ஆடும் வாலிபால் வலையை அதே உயரத்தில் ஆறாம் வகுப்புக்கும் கட்டுவதற்குப் பணமுடை காரணமாகாது. கயிற்றை இரண்டு அடி இறக்கிக் கட்டச் செலவில்லை.

அப்படிப்பட்ட ஒரு வாத்தியாரிடமிருந்துதான் மாரியப்பன் வந்தார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்துபோகையில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார். பையனுக்குப் பிடித்தது வாலிபால். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டிப் பார் என்றார். பதினான்கு வயதில் இரண்டு காலும் நன்றாக இருந்த பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தான். 2013இல் தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா கண்ணில் பட்டு பெங்களூரு போனார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அந்த வாத்தியார் காலைப் பார்த்து வேப்பமரத்தடிக்கு அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஊரில் அதுதான் இயல்பு.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அச்சம் எழுகிறது. ஜெயப்பிரகாஷ் சின்னப்பம்பட்டியில் பிறக்காமல் இருந்திருந்தால்? அந்த வாத்தியாருக்கு வேறு பள்ளிக்கு மாறுதல் வந்திருந்தால்? நாம் கொண்டாடுவது திறமையின் வெற்றி என்று நினைக்கிறோம், பாதி தற்செயல். நல்லவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போன ஊர்களின் பிள்ளைகள் இன்றைக்குத் தறியில் இருக்கிறார்கள், லாரியில் கிளீனராக இருக்கிறார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நாமக்கல்லை வாழவைத்த தொழில் அது. ஆனால் அவர்களில் எவனுக்காவது வேறொரு வாசல் இருந்திருக்குமா என்று பார்க்கக்கூட ஆள் இல்லாமல் போனது நியாயம் இல்லை.

நல்லவர் என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. கனடாவிலேயே ஸ்விஃப்ட் கரன்ட் என்ற ஊர் இளையோர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த கிரஹாம் ஜேம்ஸை 1989இல் ஒரு ஹாக்கி இதழ் ஆண்டின் சிறந்த மனிதர் என்று தேர்ந்தெடுத்தது. அவரிடம் பயின்ற ஷெல்டன் கென்னடி பிற்பாடு துணிந்து வாய் திறந்தார். சிறுவனாக இருந்தபோது வருடக்கணக்கில் பாலியல் கொடுமைக்கு ஆளானதைச் சொன்னார். 1997இல் ஜேம்ஸ் சிறைக்குப் போனார். வெற்றி பெற்ற பயிற்சியாளரை ஊர் கேள்வி கேட்பதில்லை, பிள்ளைக்கும் கேட்கத் தோன்றுவதில்லை; தன் எதிர்காலமே அவர் கையில் இருக்கிறது என்று அது நம்புகிறது. இங்கே நாம் குருவின் காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்லிக்கொடுக்கிறோம். கும்பிடட்டும். அதோடு, "சார் தனியாக் கூப்பிட்டா, அடிச்சா, தொட்டா வீட்ல வந்து சொல்லணும் கண்ணு, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க" என்பதையும் அம்மா சொல்லியிருக்க வேண்டும். மைதானத்துப் பயிற்சி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். அதற்கு மறுக்கிற அகாடமியில் எவ்வளவு பெரிய பெயர் பலகை தொங்கினாலும் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

மறுபடியும் டிசம்பர்ப் பையனிடம் போகிறேன், அவனைப் பற்றி இன்னொரு சேதி உண்டு. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு வட அமெரிக்காவின் என்.எச்.எல். அணிகள் 1980 முதல் தேர்ந்தெடுத்த கனடா வீரர்களை எடுத்துப் பார்த்தது. வருடத்தின் பிற்பாதியில் பிறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தார்கள். ஆனால் ஆடிய ஆட்டங்களிலும் எடுத்த புள்ளிகளிலும் அவர்கள் பங்கு நாற்பது சதவீதத்தைத் தாண்டியது. சிறுவயதில் பெரியவர்களோடு மல்லுக்கட்டி, விலகாமல் தாக்குப்பிடித்த சிலர் கடைசியில் மிஞ்சிவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, கஷ்டம்தான் ஆளை உருவாக்குகிறது" என்று சிலர் கிளம்புவார்கள். தாக்குப்பிடிக்காமல் போனவர்களின் கணக்கு அந்த ஆய்வில் இல்லை. அவர்கள் எந்தப் பட்டியலுக்குமே வரவில்லை.

சேலம், நாமக்கல் பள்ளிகள் இதற்கு உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாமே வருகைப் பதிவேட்டிலும் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. குறுவட்டத்துக்கு ஓர் அணிதான் போக முடியும், போகட்டும். ஆனால் பள்ளிக்குள்ளே ஆடும்போது ஜனவரி முதல் ஜூன் வரை பிறந்தவர்கள் ஒரு குழு, ஜூலை முதல் டிசம்பர் வரை இன்னொரு குழு என்று பிரித்துத் தனித்தனியாக ஆடவிடலாம். ஒரு பருவம் முழுக்க இப்படி ஆடவிட்டுப் பார்த்தபின் அணியைத் தேர்வு செய்யலாம். தேர்வாகாத பிள்ளைகளுக்கு அதே வாரத்தில் ஒரு ஆட்டம் வைத்து, ஏன் தேர்வாகவில்லை, எதைப் பழக வேண்டும் என்று ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, நன்கொடையும் வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.